1.4 சதவீதமும் 300 கனஅடியும்

காற்றையும் வெயிலையும் கிரிட்டில் சேர்ப்பது பற்றி நம் நாட்டில் நடக்கிற பேச்சில் ஒரு எண் அடிக்கடி தலைகாட்டும்: 1.4 சதவீதம். 2017 ஜூனில் வெளிவந்த ‘கிரீனிங் த கிரிட்’ ஆய்வறிக்கையின் எண் அது. அமெரிக்காவின் என்.ஆர்.இ.எல். ஆய்வகம், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், இன்றைக்கு கிரிட் இந்தியா என்று பேர் மாறியிருக்கும் போசோகோ ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை. 2022-ல் 1,00,000 மெகாவாட் சூரிய மின்சாரமும் 60,000 மெகாவாட் காற்றாலையும் வந்துவிட்டால், வருஷத்தின் ஒவ்வொரு 15 நிமிஷத்தையும் நம் கிரிட் தாங்குமா? இதுதான் கேள்வி. தாங்கும் என்பது பதில். நாட்டின் வருடாந்திரத் தேவையில் 22 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்திலிருந்து வரும். அதில் எடுக்க முடியாமல் வீணாவது வெறும் 1.4 சதவீதம்.

இந்த அறிக்கையை நான் பல தடவை வாசிச்சிருக்கேன். நானும் இந்த மாதிரி மாடல் ஓட்டுகிறவன்தான். அதனால் இதன் உழைப்பு எவ்வளவு என்று தெரியும். இந்தப் பதிவில் நான் செய்யப்போவது ஒன்றே ஒன்று: அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போய் போடிநாயக்கனூரில் வைத்து வாசிப்பது. மேற்கே ஏலமலை. தெற்கே தேவாரம், கோம்பை வழியாக இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு, அதன் கோடியில் லோயர்கேம்ப் நீர்மின் நிலையம். கிழக்கே ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காத்தாடிகள். கிரிட் ஒருங்கிணைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் கேட்கிற சரக்கெல்லாம் இந்த ஒரே வட்டாரத்தில் இருக்கு: காற்று, தண்ணி, மலை, மாநில எல்லை. அப்படி வாசிக்கும்போது 1.4 தப்பான எண்ணாகத் தெரியவில்லை. பாதிக் கேள்விக்கான பதிலாகத்தான் தெரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்

இந்த அறிக்கை வருவதற்கு முன்னால், “காத்தாடி மின்சாரம் இன்னும் கூடினால் கிரிட் படுத்துடும்” என்று சொல்வது எளிது. மறுத்துச் சொல்ல கையில் கணக்கு இல்லை. இவர்கள் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். அதிலும் முக்கியமான ஒரு பாடம்: பெரிய தடை காற்றில் இல்லை, நிலக்கரியில் இருக்கு. அனல்மின் நிலையங்கள் தம் திறனில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் வீணாவது 3.5 சதவீதம். 55 வரைக்கும் இறங்கினால் 1.4. 40 வரைக்கும் இறங்கினால் இன்னும் பாதி. பல்லாயிரம் கோடிக்கு பேட்டரி வாங்குவதற்கு முன்னால், இருக்கிற அனல் நிலையத்தை மெதுவா ஓட்டப் பழகு என்பது நல்ல புத்திமதி. 2023-ல் மத்திய மின்சார ஆணையம் 55 சதவீதத்தையும், அடுத்த கட்டமாக 40 சதவீதத்தையும் விதிமுறையாகவே கொண்டுவந்தது.

ஆக, அறிக்கைக்கு மதிப்பு உண்டு. என் சண்டை அதன் நடுவிலிருக்கும் ஒரு சொல்லோடு. நெகிழ்வு. தேவை ஏறினால் ஏற, காற்று கூடினால் இறங்க, ஒரு மின்நிலையத்துக்கு இருக்கிற வளைந்துகொடுக்கும் தன்மை. இந்த வகை மாடல்களில் நெகிழ்வு என்பது இயந்திரத்தின் குணம். இத்தனை மெகாவாட், நிமிஷத்துக்கு இத்தனை ஏறும், இவ்வளவுதான் இறங்கும் என்று எழுதிவிட்டால் முடிந்தது. போடியில் நின்று பார்த்தால், நெகிழ்வு என்பது யாரோ ஒருத்தர் கையில் இருக்கும் உரிமை.

லோயர்கேம்ப் தண்ணி யாருடையது?

நீர்மின்சாரத்தை இப்படிப்பட்ட மாடல்கள் நடத்தும் வழக்கமான முறை இது: ஒரு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தொகைக்குள் எந்த மணிக்கு ஓட்டலாம், எந்த மணிக்கு நிறுத்தலாம் என்பதை மாடலே தீர்மானிக்கும். காற்று அதிகமா அடிக்கும்போது தண்ணியைப் பிடித்து வைக்கும்; காற்று விழும்போது திறந்துவிடும். தாளில் ரொம்ப அழகு.

லோயர்கேம்புக்கு வருவோம். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணி, சுரங்கம் வழியே மலையின் இந்தப் பக்கம் வந்து, குழாய்களில் செங்குத்தா இறங்கி இங்கே டர்பைனைச் சுற்றுகிறது. 140 மெகாவாட்டில் தொடங்கிய நிலையம், இப்போது 160-ஐத் தாண்டியிருக்கிறது. நல்ல உயரம் என்பதால் விநாடிக்கு 100 கனஅடி விட்டால் ஏறக்குறைய 9 மெகாவாட் கிடைக்கும். சுத்தமான மின்சாரம், நினைச்ச நேரத்தில் ஓட்டலாம். மாடல்காரனுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

ஆனா இந்தத் தண்ணி மின்சாரத்துக்காக வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்காக வருது. அணையில் இருப்பு இருக்கிற வருஷங்களில் ஜூன் 1-ம் தேதி முதல் போகத்துக்குத் திறப்பார்கள். வழக்கமான உத்தரவு: பாசனத்துக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100 கனஅடி. மொத்தம் 300. மின்சாரம் அதன் போக்கில் கிடைக்கிற துணைவரவு, சுமார் 27 மெகாவாட், ராத்திரி பகலா ஒரே சீராக.

இதை மாடல் சொல்கிறபடி ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு உரிய 300 கனஅடித் தண்ணியைப் பிடித்து வைத்து, நாலு டர்பைனுக்கும் சேர்த்து 1,600 கனஅடியாகத் திறந்தால் நாலரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த நாலரை மணி நேரத்துக்கு 144 மெகாவாட். மிச்சம் பத்தொன்பதரை மணி நேரம் பூஜ்யம். யூனிட் கணக்கில் இரண்டும் ஒண்ணுதான்: ஒரு நாளைக்கு சுமார் 6.5 லட்சம் யூனிட். மாடலுக்கு வித்தியாசமே தெரியாது. உத்தமமுத்து வாய்க்காலின் கடைமடையில் நாற்று விட்டவருக்குத் தெரியும். ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் கூடலூருக்கும் கம்பத்துக்கும் தெரியும். பத்தொன்பது மணி நேரம் காய்ந்து கிடந்த ஆற்றில் இறங்கி மாடு குளிப்பாட்டிக்கொண்டிருப்பவருக்கு, தண்ணி திடீரென்று ஐந்து மடங்கா வரும்போது ரொம்ப நல்லாவே தெரியும்.

இதைவிடச் சங்கடமான விஷயம் காலம். தென்மேற்குப் பருவக்காற்றுதான் மலையின் அந்தப் பக்கம் மழையாக இறங்கி அணையை நிரப்புது. அதே காற்றுதான் கம்பம் கணவாய் வழியா வந்து இந்தப் பக்கக் காத்தாடிகளைச் சுற்றுது. ஒரே காற்று, இரண்டு வேலை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று மின்சாரமும் உச்சத்தில், பாசனத் தண்ணியும் ஓடியே ஆகணும். அப்போது நீர்மின்சாரம் காற்றுக்கு இடம் விட்டுக் கொடுப்பதில்லை, பக்கத்தில் வந்து நெருக்கி உட்காருது. மேட்டூரிலும் இதே கதைதான்: ஜூன் 12-ஐ ஒட்டி டெல்டாவுக்குத் திறக்கிற தண்ணி கிரிட்டைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

காற்று நன்றாக அடிக்கும் நாளில் தமிழகக் காற்றாலைகள் 5,000 மெகாவாட்டுக்கு மேல் தருவதுண்டு. அதன் முன்னால் லோயர்கேம்ப் சின்னதுதான். ஆனாலும் ஒரு சோறு பதம் பார்க்கப் போதும். தமிழ்நாட்டில் கிரிட்டுக்காகவே ஓடக்கூடிய நீர்மின்சாரம் உண்டு: நீலகிரியில் குந்தா நிலையங்கள், ஆனைமலையில் தண்ணியைத் திரும்ப மேலேற்றும் 400 மெகாவாட் காடம்பாறை. அவற்றையும் லோயர்கேம்பையும் ஒரே பட்டியலில் ‘நீர், நெகிழ்வானது’ என்று போடுவதுதான் தவறு.

2014 ஒரு வருஷம்தான்

அறிக்கை 2014-ம் ஆண்டின் காற்றையும் வெயிலையும் மின்தேவையையும் எடுத்து, 2022-க்குப் பெருக்கிப் போட்டிருக்கிறது. நாடு முழுக்க 15 நிமிஷக் கணக்கு என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டுவது கஷ்டம், ஒத்துக்கிறேன். ஆனா இந்த மலைக்கு இரண்டு வருஷம் ஒரே மாதிரி வராது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து தமிழகமே வறண்டது. 2018 ஆகஸ்டில் முல்லைப்பெரியாறு 142 அடியைத் தொட்டது. இடுக்கி அணையின் ஷட்டர்களை 26 வருஷத்துக்கு அப்புறம் திறந்தார்கள். அந்த மாதிரி ஆகஸ்டில் தண்ணியைப் பிடித்து வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஓட்டினால் மின்சாரம், ஓட்டாவிட்டால் கடலுக்கு. வறண்ட வருஷத்திலோ பிடித்து வைக்கத் தண்ணியே இல்லை. சராசரியான ஒரு வருஷத்தில் நெகிழ்வு எவ்வளவு என்று கேட்டால் ஒரு எண் வரும். கிரிட் தடுமாறுவது சராசரி வருஷத்தில் இல்லையே.

மலை முகட்டில் முடிகிற கிரிட்

தேவாரம், கோம்பையில் நின்று மேற்கே அண்ணாந்து பார்த்தால் முகட்டில் காத்தாடிகள் தெரியும். ராமக்கல்மேடு. 750 கிலோவாட்டில் 19 இயந்திரங்கள், மொத்தம் 14.25 மெகாவாட். அவை தருகிற மின்சாரம் கேரளத்துக்கு. முகட்டுக்கு அந்தப் பக்கம், 780 மெகாவாட் இடுக்கித் திட்டம். அது பாசனத்துக்குக் கட்டுப்படாத தண்ணி. 1976-லிருந்து கேரளத்தின் சாயங்கால உச்சத்தேவையைத் தாங்கிப் பிடிக்கிறது.

மாநிலங்கள் தனித்தனியா இல்லாமல் வட்டார அளவில் சேர்ந்து மின்நிலையங்களை இயக்கினால் செலவு 2.8 சதவீதம் குறையும், நாடு முழுக்கச் சேர்ந்தால் 3.5 சதவீதம் என்று அறிக்கை சொல்லுது. அதன் பொருளை இந்த முகட்டில் நின்றால் எளிதா விளக்கலாம்: சாதாரண மழை வருஷத்தில், ஜூலையில் இந்தப் பக்கத்துக் காற்றை கேரளம் எடுத்துக்கொள்ளணும், அந்த நேரம் இடுக்கித் தண்ணியை நிறுத்தி வைக்கணும், பிறகு ஒரு கோடைச் சாயங்காலத்தில் அதைத் திருப்பித் தரணும். பேட்டரி ஒன்றுகூட வாங்காமல் இரண்டு மாநிலத்துக்கும் ஒரு பேட்டரி.

கம்பி இருக்கு. இடுக்கியிலிருந்து உடுமலைக்கும், மூழியாற்றிலிருந்து தேனிக்கும் 220 கிலோவோல்ட் லைன்கள் மலையைத் தாண்டுகின்றன. இல்லாதது நம்பிக்கை. ஒரே மலையின் தண்ணியைப் பற்றி இந்த இரண்டு மாநிலங்களும் எவ்வளவு காலமாக உச்ச நீதிமன்றப் படிகளில் நிற்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும். அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்பதற்கே 2014 மே மாதத் தீர்ப்பு வேண்டியிருந்தது. அதே சமயம் இன்னொன்றையும் சொல்லணும். அணைத் தண்ணியில் மின்சாரம் எடுக்க 1970-ல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டன. அதற்காகத் தமிழ்நாடு கேரளத்துக்குப் பணம் கட்டுகிறது. சண்டைக்கு நடுவிலும் மின்சாரத்துக்கு ஒரு கணக்கு எழுத முடிந்திருக்கு. 2.8 சதவீதம் என்ற எண்ணை விட, அப்படிப்பட்ட ஒரு ஒப்பந்தத்தின் வரைவு இந்த அறிக்கையில் இருந்திருந்தால் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.

மாடலுக்குக் கடன் இல்லை

கடைசி விஷயம், என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம், பணம்.

மாடலின் கணக்கில் ஒரு யூனிட் சூரிய மின்சாரத்தின் விலை பூஜ்யம். வெயிலுக்கு எரிபொருள் செலவு இல்லை. அதனால் மாடல் எப்போதும் அதைத்தான் முதலில் எடுக்கும். மின்வாரியத்தின் கணக்குப் புத்தகம் வேற. 2014-ல் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலையில் ஒப்பந்தம் போட்ட சூரிய மின்நிலையங்களுக்கு வாரியம் கொடுக்க வேண்டியது யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. வாங்கினால் கொடுக்கணும், வாங்கலைன்னா மிச்சம். அனல் நிலையத்துக்கோ நிலையான கட்டணம் எப்படியும் போகும். நிறுத்தினால் எரிபொருள் காசு மட்டும்தான் மிச்சம், அது இந்த ஏழு ரூபாயை விட வெகு குறைவு. ஆக வாரியத்தின் பார்வையில் நிறுத்தினால் லாபம் தருவது வெயில்தான். மாடலின் வரிசை அப்படியே தலைகீழ். சொந்த உபயோகத்துக்குக் காத்தாடி போட்ட மில்களின் விஷயமும் இதே ரகம்: அங்கே ஓடும் ஒவ்வொரு யூனிட்டும், உயர் அழுத்த நுகர்வோரிடமிருந்து வாரியத்துக்கு வராமல் போகும் ஒரு யூனிட் காசு.

இது ஊகம் இல்லை. தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களை ‘பேக்டவுன்’ செய்யச் சொன்னது பற்றிய வழக்கில், மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கிரிட் பாதுகாப்பு தவிர வேறு காரணத்துக்காக இப்படி நிறுத்தக் கூடாது, நிறுத்தியதற்கு இழப்பீடு கொடு என்றது. அந்த வழக்கில் தரவுகளை அலசிப் பார்த்துக் கொடுத்தது போசோகோ. அலசிய காலம் 2017 மார்ச்சிலிருந்து ஜூன் வரை. அதாவது, வீணாவது 1.4 சதவீதம்தான் இருக்கும் என்று அதே போசோகோ சேர்ந்து எழுதிய அறிக்கை அச்சுக்குப் போன மாதங்கள்.

அறிக்கை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்களது மாடல் எரிபொருள் முதலிய ஓட்டுச் செலவை மட்டும் பார்க்கிறது, நிலையான செலவைப் பார்க்காது. பரிந்துரைகளில் அனல் நிலையங்களுக்குப் புது மாதிரியான கட்டண முறை வேண்டும் என்கிறார்கள். சரி. ஆனா இன்னொரு பரிந்துரை, காற்றுக்கும் வெயிலுக்கும் இருக்கும் ‘கட்டாயம் ஓட்ட வேண்டும்’ என்ற பாதுகாப்பிலிருந்து விலகி, நட்டத்துக்கு வேறு வழியில் வரம்பு கட்டலாம் என்கிறது. காசு ஒழுங்காக வந்துசேரும் ஊரில் இது நியாயமான யோசனை. 2017-ல் தமிழ்நாட்டில் ஒரு காத்தாடிக்காரருக்கோ சோலார்காரருக்கோ கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த ஒற்றை வரிதான். அதை வைத்துத்தான் அந்த வழக்கே நின்றது. இருக்கிற கதவைப் பிடுங்குவதற்கு முன்னால் புதுக் கதவைக் காட்டணும்.

ஏலக்காய் ஸ்டோரும் ஒரு எச்சரிக்கை

நெகிழ்வை உற்பத்திப் பக்கம் தேடி முடித்தவர்கள் இப்போது நுகர்வுப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்: காற்று அதிகமா இருக்கும்போது மின்சாரத்தைச் செலவழி, இல்லாதபோது நிறுத்து. ஏலமலைக்கு இந்த யோசனை உடனே பொருந்தும் போலத் தோன்றும். பறித்த ஏலக்காயை மலையில் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில் 50, 60 டிகிரி சூட்டில் முக்கால் நாளிலிருந்து ஒரு நாள் வரை காயவைப்பார்கள். விறகிலும் நடக்குது, மின்சாரத்திலும் நடக்குது. விறகைக் குறைத்து காற்று மின்சாரத்தைக் கொண்டுவந்தால் மலைக்கு நல்லதுதானே?

நல்லதுதான். ஆனா பாதியில் நிறுத்து என்று சொல்ல முடியாது. சூடு விழுந்தால் காயின் பச்சை நிறம் போகும். நிறம் போனால் போடி ஏலத்தில் விலை போகும். அந்த நட்டத்தை யார் தருவது என்று எழுதாமல், அந்த ஸ்டோரை ‘நெகிழ்வான சுமை’ என்று பட்டியலில் சேர்த்தால், லோயர்கேம்ப் தண்ணியில் செய்ததையே இங்கேயும் செய்தவர்களாவோம். எந்த மணியில் காயை உள்ளே ஏற்றுவது என்பதில் கொஞ்சம் இடம் உண்டு. ஏற்றிய பிறகு இல்லை. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது ஸ்டோர் வைத்திருப்பவரிடம் கேட்டால்தான் தெரியும்.

அப்போ என்ன செய்யலாம்?

2022 வந்து போய்விட்டது. இலக்கு வைத்த 1,75,000 மெகாவாட்டுக்குப் பதிலாக, பெரிய நீர்மின் நிலையங்களைச் சேர்க்காமல், சுமார் 1,20,000-ல் நின்றோம். அடுத்தடுத்த இலக்குகளுக்கு அடுத்தடுத்த ஆய்வுகள் வரும். அவற்றை எழுதப்போகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று.

ஒன்று, நீர்மின்சாரத்தைத் திறனை வைத்துப் பிரிக்காமல் கடமையை வைத்துப் பிரிங்க. பாசனத்துக்குக் கட்டுப்பட்டது, குடிநீருக்குக் கட்டுப்பட்டது, கிரிட்டுக்கென்றே விடக்கூடியது. லோயர்கேம்புக்குக் கீழே ஆற்றைச் சமன்செய்ய ஒரு தேக்கம் கட்டினால் 27 மெகாவாட் சீரான ஓட்டம் எத்தனை மணி நேர உச்ச மின்சாரமாக மாறும், அதற்கு என்ன செலவு என்பது போடக்கூடிய கணக்குதான். அது வரைக்கும் அதை நெகிழ்வு என்று எண்ணாதீங்க.

இரண்டு, ஒரு நல்ல வருஷத்தை ஓட்டுவதோடு நிறுத்தாமல் ஒரு வறட்சி வருஷத்தையும் ஒரு வெள்ள வருஷத்தையும் ஓட்டுங்க. 2016-ம் 2018-ம் கைவசம் இருக்கு.

மூன்று, மாடலை இரண்டு தடவை ஓட்டுங்க. ஒரு தடவை எரிபொருள் செலவை வைத்து. இன்னொரு தடவை மின்வாரியம் நிஜமாகக் கட்டுகிற ரூபாயை வைத்து. முதல் ஓட்டத்தில் வீணாவது 1.4 என்று வரட்டும். இரண்டாவது ஓட்டத்தில் என்ன வருதோ, இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைத் தனியா அச்சடிங்க. அதைக் குறைக்க இன்னொரு டர்பைனோ இன்னொரு லைனோ வேண்டியதில்லை. கட்டண உத்தரவையும் ஒப்பந்தத்தையும் திருத்தினால் போதும். ஆண்டிபட்டியில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே இறக்கையைத் திருப்பி நிறுத்தி வைத்த காத்தாடியைப் பார்த்து, “கிரிட்டு தாங்கலையாம்” என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அது எத்தனை நாள் உண்மை, எத்தனை நாள் கணக்குப் புத்தகத்தின் பொய் என்று அப்போதுதான் தெரியும்.